பட்டை யார் கையில்? குழந்தைகளோடு தண்ணீருக்குப் போகும் பெற்றோருக்கு

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. உறவுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நீச்சல் குளத்துக்குப் போயிருந்தோம். கரையில் பெரியவர்கள் மட்டும் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருத்தி நான். அதற்கு முன்பே ஏழு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்து வந்தவள்.

கையில் மாட்டியிருந்த காற்றுப்பைகள் உறுத்துகின்றன என்று மகள் கழற்றிவிட்டாள். இரண்டையும் தன் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் படியில் இறங்கியிருக்கிறாள். முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது படி கிடையாது. நான் பத்தடி தூரத்தில் தம்பி மகனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவளைப் பார்த்தேன். தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, கண் என் பக்கம் இருந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுபடி துண்டை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

அண்ணி உடுத்திய உடையோடு குதித்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். மகளிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. தூக்கியதும் இருமினாள், வாந்தி எடுத்தாள், அழுதாள். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் என் கால்கள் நடுங்கின.

அன்று மாலை யார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கணக்குப் போட்டோம். நான் கணவர் பார்க்கிறார் என்று இருந்தேன். அவர் வண்டியில் வைத்த பையை எடுக்கப் போகும்போது "பாப்பாவைப் பார்த்துக்கோங்க" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எல்லார் காதிலும் அது விழுந்திருக்கிறது. தம்பி, அக்கா நீச்சல் டீச்சர், அவளே பார்ப்பாள் என்று நினைத்திருக்கிறான். ஒன்பது பேரிடமும் பொதுவாகச் சொன்ன சொல்லை ஒருவரும் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. என் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரிடமும், கை கால் அடிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கீழே இருப்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு கண்

ஆரஞ்சு நிறத்தில் துணிப்பட்டை ஒன்று தைத்து வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டுகிற அளவு போதும். குழந்தைகள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அது யாராவது ஒரு பெரியவர் கையில் இருக்க வேண்டும். பட்டை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தண்ணீரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. போன் இல்லை, புத்தகம் இல்லை, மது அறவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசினால் பதில் சொல்லலாம், முகத்தைத் திருப்பக் கூடாது. படம் எடுக்க வேண்டுமா, பட்டை இல்லாதவர் எடுக்கட்டும். கைபேசித் திரை வழியாகக் குழந்தையைப் பார்ப்பவர் அந்தச் சின்னச் சட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே பார்க்கிறார்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். தண்ணீரை உற்றுப் பார்க்கும் வேலையில் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். சம்பளம் வாங்கும் உயிர்காப்பாளர்களையே அதனால்தான் சுழற்சியில் மாற்றுகிறார்கள்.

மாற்றுகிற விதம் முக்கியம். கொடுப்பவர் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்: "மூணு பேர் தண்ணியில. இப்ப உன் கண்." வாங்குபவர் தானே எண்ணிப் பார்த்து, "மூணு பேர். என் கண்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை பட்டை கைமாறக் கூடாது. முதல் இரண்டு தடவை எங்கள் வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னோம். மூன்றாவது தடவை குழந்தைகளே "யார் கையில பட்டை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தனியாகப் போயிருக்கிறீர்கள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் எல்லாக் குழந்தைகளையும் கரையேற்றிக் கூடவே கூட்டிப் போங்கள். அழுவார்கள். அழட்டும்.

பெரிய பிள்ளையிடம் பட்டையைக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு வயது அக்கா எவ்வளவு பொறுப்பானவளாக இருந்தாலும் தங்கையின் உயிரை அவள் தலையில் வைக்கக் கூடாது. ஏதாவது நடந்துவிட்டால் இரண்டு குழந்தைகளை இழப்போம்.

"அங்கேதான் உயிர்காப்பாளர் இருக்கிறாரே" என்று பெற்றோர் சொல்வார்கள். அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. பத்து விநாடிக்குள் தன் பகுதி முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும், ஆபத்தைக் கண்டால் அடுத்த இருபது விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். நாற்பது தலைகளுக்கு நடுவே உங்கள் குழந்தையும் அவருக்கு ஒரு தலை. உங்களுக்கு அப்படி இல்லை.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையும், எந்த வயதானாலும் நீந்தத் தெரியாத குழந்தையும் நீங்கள் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அப்படியென்றால் நீங்களும் தண்ணீருக்குள் இருக்கிறீர்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தொட முடியாது. நீந்தத் தெரியாத இரண்டு சின்னக் குழந்தைகளை ஒருவராகவே தண்ணீரில் இறக்குவதை நான் செய்ய மாட்டேன். ஒருவனைத் தூக்கும்போது அடுத்தவன் எங்கே இருப்பான்?

குளிக்காத நேரம்

என்னைக் கேட்டால் கிளம்புகிற நேரம்தான் மிக ஆபத்தானது. துண்டு மடிக்கிறோம், செருப்பு தேடுகிறோம், "முடிஞ்சுது" என்று மனம் தளர்கிறது. குழந்தைக்கு மட்டும் முடியவில்லை. மிதந்துகொண்டிருக்கும் பந்து அதன் கண்ணில் படுகிறது. ஆகவே கடைசிக் குழந்தை வேலிக்கு வெளியே வந்து கதவு சாத்தும்வரை பட்டை கையில் இருக்கட்டும். பொம்மைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வேலி என்றால் குளத்தை நான்கு பக்கமும் சுற்ற வேண்டும். வீட்டுச் சுவரையே ஒரு பக்கமாகக் கணக்கில் எடுத்தால், வீட்டுக் கதவைத் திறந்த குழந்தை நேரே தண்ணீரில் நிற்கும். உயரம் நான்கடியாவது வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் தானாக விழ வேண்டும், அது குழந்தைக்கு எட்டக் கூடாது. கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பக்கத்தில் நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் நகர்த்திவிடுங்கள், ஏறிவிடுவார்கள். காற்றடித்து நிரப்பும் குட்டிக் குளத்தையும் வாளியையும் வேலை முடிந்த கையோடு கவிழ்த்துவிடுங்கள். நடை பழகும் குழந்தைக்குத் தலைதான் பாரம். வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ வராது.

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் பிறகு தேடலாம்.

மூழ்குவது எப்படி இருக்கும்

நான் பார்த்தும் சிரித்ததற்குக் காரணம், மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று நம்பியிருந்தது. திரையில் பார்த்துப் பழகிய காட்சி அது. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், கடற்கரையில் உண்மையாகவே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படமெடுத்து ஆராய்ந்து, 1970களில் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். அவர் சொன்னதைப் படித்தபோது என் மகளை வரிக்கு வரி பார்த்தேன்.

மூழ்குகிறவரால் கத்த முடியாது. குரலுக்குக் காற்று வேண்டும். வாய் நீருக்கு மேலே வருகிற அந்த நொடியில் மூச்சை விட்டு வாங்கத்தான் நேரம் இருக்கிறது. கையசைத்துக் கூப்பிட முடியாது. கைகள் தானாகவே பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்துகின்றன, வாயை மேலே கொண்டுவருவதற்காக. உடம்பு செங்குத்தாக நிற்கிறது, கால் உதைப்பதில்லை, ஏணியில் ஏற முயல்வது போல இருக்கும். பக்கத்தில் மிதவையைப் போட்டால்கூடக் கை நீட்டிப் பிடிக்க வராது. இப்படி இருபது முதல் அறுபது விநாடி, அதற்கு மேல் மூழ்கிவிடுவார்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அமைதியை. தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் திறந்திருக்கிறதா? முடி கண்ணை மறைத்தும் விலக்காமல் இருக்கிறாளா? பார்வை எதிலும் நிற்காமல் வெறித்திருக்கிறதா? "நல்லா இருக்கியா?" என்று கேளுங்கள். பதில் வந்தால் சரி. வராவிட்டால் இரண்டாவது தடவை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், குதியுங்கள். விளையாடும் குழந்தைகள் ஓயாமல் சத்தம் போடுவார்கள். சத்தம் நின்றால் ஏன் என்று பார்க்க வேண்டும்.

நீச்சலுடை வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சோ பளீர் இளஞ்சிவப்போ எடுங்கள். நீலமும் வெள்ளையும் சாம்பலும் குளத்துத் தண்ணீரில் கரைந்துபோகும். வகுப்பில் ஒருமுறை வெளிர்நீலச் சட்டை ஒன்றை நீருக்குள் விரித்துப் போட்டு, கரையில் நிற்கும் தாய்மாரிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மூன்று பேர் தவறான இடத்தைக் காட்டினார்கள்.

காற்றுப்பையும் மிதவைச் சட்டையும்

கையில் மாட்டும் காற்றுப்பை, இடுப்பு வளையம், வாத்து வடிவப் படகு எல்லாம் விளையாட்டுச் சாமான். ஓட்டை விழும், நழுவும், என் மகளைப் போலக் குழந்தையே கழற்றி வைத்துவிடும். அவற்றைவிடப் பெற்றோரின் மனம்தான் எனக்குக் கவலை. பையை மாட்டியதும் அவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

படகிலோ திறந்த நீர்நிலையிலோ வேண்டியது லைஃப் ஜாக்கெட். அதன் உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். மிதக்க வைக்கும் விசையை அதில் நியூட்டன் கணக்கில் போட்டிருப்பார்கள். 50 என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான மிதப்புத் துணை மட்டுமே. நினைவிழந்தவரை மல்லாக்கத் திருப்பும்படி செய்யப்படுபவை 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ள சட்டைகள். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பார்த்து வாங்குங்கள். வளர்ந்தபின் போடலாம் என்று பெரிதாக எடுக்கவே கூடாது. எல்லாக் கொக்கியையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் தளர்வு. தொடைகளுக்கு நடுவே போகும் வார் சின்னக் குழந்தைக்கு அவசியம்.

"என் பிள்ளைக்கு நீச்சல் தெரியும்"

நீச்சல் வகுப்பில் சேர்க்கச் சொல்வது என் தொழில்தான், ஆனாலும் மனதாரச் சொல்கிறேன், சேருங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு முன்பு நான்கு வயதுக்குப் பிறகே போதும் என்றது. பின்னர் கருத்தை மாற்றிக்கொண்டு, 2019இல் ஒரு வயது முடிந்த குழந்தைகளையே சேர்க்கலாம் என்றது. ஆனால் வகுப்புக்குப் போகும் குழந்தைக்குப் பட்டை வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை.

எதைத் தெரிந்தால் நீச்சல் தெரியும் என்று ஒப்புக்கொள்வேன்? தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் குதிக்க வேண்டும். மேலே வந்து ஒரு நிமிடம் மிதக்கவோ நின்ற இடத்தில் நீந்தவோ வேண்டும். ஒரு முழுச் சுற்றுத் திரும்பிக் கரை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அங்கே இருபத்தைந்து மீட்டர் நிற்காமல் நீந்திப் போக வேண்டும். ஏணி இல்லாமல் கரையேற வேண்டும். நீச்சல் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை, அன்றாட உடுப்போடு ஒரு தடவை. அகலவாக்கில் நான்கு முறை அழகாக நீந்தும் பிள்ளை இந்தச் சோதனையில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். திரும்பிக் கரையைத் தேடும் இடத்தில்தான் பதறுவார்கள். இவை எல்லாம் அமைதியான குளத்தில் வந்தாலும் ஆற்றில் வரும் என்று நம்பாதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

நீளமான பட்டியல் அவர்கள் தலையில் நிற்காது. பட்டை கட்டியவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயக் கூடாது, முதலில் கால் போகட்டும். நண்பன் தத்தளித்தால் தானும் குதிக்கக் கூடாது, கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், மிதப்பது எதையாவது எறிய வேண்டும். ஓடக் கூடாது என்பதை எல்லாருமே சொல்கிறார்கள்.

சொல்லாமல் விடுவது மூச்சுப் போட்டி. யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருக்கிறார்கள் என்று பார்க்கும் விளையாட்டு, நன்றாக நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகளைத்தான் கொல்கிறது. முங்குவதற்கு முன் வேகவேகமாக இழுத்து இழுத்து மூச்சு விடுவார்கள், அதிகக் காற்றைச் சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு. உடம்பில் சேரும் பிராணவாயு பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயு குறைந்துவிடுகிறது. மூச்சு விடு என்று மூளையை உந்துவது முக்கியமாக அந்தக் கரியமில வாயுதான். அது குறைந்தால் மூச்சுமுட்டும் உணர்வு வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, எச்சரிக்கையே இல்லாமல் மயங்கிவிடுவார்கள். மயங்கியபின் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், உள்ளே போவது தண்ணீர். கரையில் இருப்பவருக்கு, "இன்னும் தாக்குப்பிடிக்கிறான்" என்றுதான் தோன்றும். என் வகுப்பில் இந்த விளையாட்டை ஆரம்பித்தவர் அன்று கரையில் உட்கார வேண்டும்.

இன்னொன்று குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் துளை. மூடி உடைந்தோ காணாமலோ இருந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள், குளத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். உறிஞ்சும் விசை பெரியவர்களாலேயே விடுவிக்க முடியாத அளவு இருக்கும். 2002இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சுதுளையில் மாட்டி இறந்தாள். 2007இல் அவள் பெயரிலேயே சட்டம் வந்து, பொதுக் குளங்களில் பாதுகாப்பான மூடி கட்டாயமானது. நீளமான முடியைக் கொண்டையாக முடிந்து தொப்பி போடுங்கள். விசையை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று இறங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தறிகெட்டு வாங்கும். அப்போது நீந்தாமல் மல்லாந்து மிதந்தாலே போதும். வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு எந்த வயதிலும் தொடும் தூரம்தான், குளியல் தொட்டியிலும்கூட.

நடந்துவிட்டால்

நீங்கள் நன்றாக நீந்துபவர் இல்லையென்றால், கம்பு, துண்டு, கயிறு, மூடி இறுக்கிய காலி பாட்டில் என்று எதையாவது நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். குழந்தையைக் காப்பாற்றப் போய்ப் பெற்றோரும் போவது அடிக்கடி நடக்கிறது.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். அழைத்தால் அசையவில்லை, மூச்சு இல்லை என்றால் உடனே சி.பி.ஆர்., அதாவது வாயால் ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவி. இன்னொருவர் அவசர உதவியைக் கூப்பிடட்டும், தனியாக இருந்தால் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். எப்போதோ ஒருமுறை மீனைப் போல வாயைத் திறந்து இழுப்பது மூச்சு அல்ல.

மூழ்கியவருக்குக் குறைவது பிராணவாயு. அதனால் முதலில் ஊதுங்கள். தலையை மெல்லச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கை அடைத்து, நெஞ்சு எழும்புகிற அளவு. ஐரோப்பிய முறையில் ஐந்து, அமெரிக்க முறையில் இரண்டு. எந்த முறையில் பழகினீர்களோ அதைச் செய்யுங்கள். பிறகு மார்பின் நடுவில் முப்பது அழுத்தம், நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. மறுபடி இரண்டு ஊதல். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இதைப் படித்தால் வராது, பொம்மையின் நெஞ்சில் அழுத்திப் பழக வேண்டும். ஐ.நா. 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அந்த ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள், ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயது நிரம்பாதவர்கள். எனக்கு அந்த நாள் வேலை நாள். எங்கள் வீட்டில் எல்லாரும் பொம்மையில் பழகுவோம், தாழ்ப்பாளையும் லைஃப் ஜாக்கெட் கொக்கிகளையும் சரிபார்ப்போம்.

குழந்தை தானாகவே கண் விழித்துவிட்டாலும், ஊத வேண்டி வந்திருந்தால் கட்டாயம் மருத்துவமனைக்குப் போங்கள். வெறுமனே தண்ணீர் குடித்து இருமி, உடனே சரியான குழந்தையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் இருமல் நிற்காமல் போனாலோ, மூச்சு வேகமாகி விலாவுக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள். எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தாள், தூக்கியபோது மூச்சு இருந்ததா, வாந்தி எடுத்தாளா என்று மருத்துவர் கேட்பார். எங்களைக் கேட்டபோது ஒன்பது பேரில் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் யாரும் இல்லை.